மைனஸ் ஏழு டிகிரிக் கடல்

அறிவியல் தரவு வழங்கி என்பது, கருவிகள் அளந்து குவித்த எண்களைக் கேட்டவருக்குக் கேட்ட அளவில், கேட்ட வடிவில் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். செயற்கைக்கோள் அளக்கும் கடற்பரப்பு வெப்பநிலை, மிதவைகள் அனுப்பும் உப்புத்தன்மை, கரையோர ராடார் கணிக்கும் நீரோட்ட வேகம், மீன்வள ஆய்வுக் கப்பல்களின் பதிவேடுகள் எல்லாம் இன்று பெரும்பாலும் இத்தகைய வழங்கிகள் வழியாகவே ஆய்வாளரின் கைக்குப் போய்ச் சேருகின்றன. இவற்றில் பரவலாகப் புழங்குபவை திறந்த மூல மென்பொருள்கள். மூலநிரலை யாரும் படிக்கலாம், தம் நிறுவனத்தில் நிறுவிக்கொள்ளலாம், குறை கண்டால் திருத்தி, அந்தத் திருத்தத்தை மூலத்துக்கே அனுப்பியும் வைக்கலாம்.

இப்படியொரு மென்பொருள் ஏன் தேவைப்பட்டது என்பது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் தயாரிக்கும் 'மர்' என்ற கடற்பரப்பு வெப்பநிலைத் தொகுப்பு, 2002 ஜூன் முதல் நாளுக்கொரு உலகப் படமாக இருக்கிறது. தெற்கு வடக்காக 17,999 புள்ளிகள், கிழக்கு மேற்காக 36,000 புள்ளிகள். ஒரு நாள் படத்தில் ஏறக்குறைய 64.8 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு பைட் என்று வைத்தாலும், சுருக்காத நிலையில் ஒரு நாளின் வெப்பநிலை மட்டுமே சுமார் 130 கோடி பைட் இடம் பிடிக்கும். கலிஃபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் ஒரே ஒரு புள்ளியின் வெப்பநிலை இருபது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று பார்க்க விரும்பும் ஒரு மாணவர், வழங்கி இல்லாவிட்டால் 7,300 கோப்புகளை இறக்க வேண்டியிருக்கும். அவருக்கு உண்மையில் வேண்டியதோ 14,600 பைட்.

கோப்பை முழுதாகக் கொடுக்காமல், வேண்டிய துண்டை மட்டும் வெட்டிக் கொடுப்பது என்ற எண்ணம் 1990களில் கடலியலாளர்களிடம் பிறந்தது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து, பல இடங்களில் பரவிக் கிடக்கும் கடல் தரவை ஒரே முறையில் கேட்டுப் பெற ஒரு நெறிமுறையை வகுத்தன. அதுதான் பின்னர் ஓப்பன்டாப் என்ற பெயரில் நிலைபெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1980களின் இறுதியில், கொலராடோவின் போல்டர் நகரில் இயங்கும் யூனிடேட்டா மையம் நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கியிருந்தது. எண்களோடு அவற்றின் அலகு, பொருள், அளந்த இடம், அளந்த நேரம் ஆகியவற்றையும் அதே கோப்பில் எழுதி வைப்பது அதன் சிறப்பு. இப்படித் தரவைப் பற்றிச் சொல்லும் தரவுக்கு மீதரவு என்று பெயர். நெறிமுறை ஒரு கால், கோப்பு வடிவம் மறு கால் என்று தரவு வழங்கிகள் நிற்கின்றன. யூனிடேட்டாவின் த்ரெட்ஸ் வழங்கி, ஓப்பன்டாப் நிறுவனத்தின் ஹைராக்ஸ் வழங்கி, அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகமான நோவாவின் எர்டாப் வழங்கி ஆகிய மூன்றும் இந்த மரபில் வந்தவை.

எர்டாப்பின் கதை சற்று விரித்துச் சொல்லத்தக்கது. மான்டெரே வளைகுடாவை ஒட்டி இயங்கிய நோவாவின் மீன்வள ஆய்வுப் பிரிவு ஒன்றில், பாப் சைமன்ஸ் என்ற நிரலாளர் 2007-இல் இதை எழுதத் தொடங்கினார். அந்தப் பிரிவின் பெயர்ச் சுருக்கமும் 'தரவு அணுகல் நிரல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'டாப்' என்பதும் இணைந்து எர்டாப் ஆயிற்று. மீன்வள ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே பல வழங்கிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசியது. ஒன்று தீர்க்கரேகையை 0 முதல் 360 வரை எண்ணும், இன்னொன்று மைனஸ் 180 முதல் 180 வரை. ஒன்று நேரத்தை 1800-ஆம் ஆண்டிலிருந்து மணிக்கணக்கில் சொல்லும், மற்றொன்று 1970-லிருந்து நொடிக்கணக்கில். எர்டாப் இவற்றுக்கு நடுவே ஒரு தரகராக நின்றது. பின்னால் இருக்கும் தரவு எந்த வடிவில் இருந்தாலும், கேட்பவருக்கு நேரத்தை ஒரே முறையில் சொல்லும். எக்செலில் திறக்க சிஎஸ்வி, நிரலுக்கு ஜேசான், கடலியலாளருக்கு நெட்சிடிஎஃப், கண்ணால் பார்க்க வரைபடம் என்று கேட்ட வடிவில் தரும்.

அதில் கேள்வி கேட்பதற்குத் தனிச் செயலி ஏதும் வேண்டாம். உலாவியில் தட்டும் முகவரியே கேள்வி. தொகுப்பின் பெயர், அதன் பின் வேண்டிய கோப்பு வகை, ஒரு கேள்விக்குறி, பிறகு சதுர அடைப்புக்குறிகளுக்குள் நாள், அட்சரேகை, தீர்க்கரேகை. சதுர அடைப்புக்குள் 36 என்று வெறும் எண்ணாக எழுதினால் வரிசையில் அந்த இடத்தில் உள்ள கட்டம் என்று பொருள். உள்ளே இன்னொரு பிறை அடைப்பிட்டு 36.75 என்று எழுதினால், அந்த அட்சரேகைக்கு மிக அருகிலுள்ள கட்டம் என்று பொருள். முழு எண்ணைச் சுற்றிய பிறை அடைப்பு விடுபட்டால் பதில் வேறோர் அரைக்கோளத்திலிருந்தே வரக்கூடும். முகவரியே கேள்வி என்பதால், அந்த முகவரி ஆய்வுக் கட்டுரைகளில் அச்சேறுகிறது, ஆயிரக்கணக்கான சிறு நிரல்களுக்குள் எழுதப்படுகிறது, தினமும் விடியற்காலையில் தானாக ஓடும் முன்னறிவிப்புப் பணிகளுக்குள் புகுந்துகொள்கிறது. எழுதியவர் பணி மாறிப் போன பிறகும் அந்த நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வழங்கி மென்பொருளில் கைவைக்கும் எவரும் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

இன்று பிரான்சின் இஃப்ரெமர் நிறுவனம் எர்டாப் வழியாக ஆர்கோ மிதவைகளின் தரவைத் தருகிறது. பத்து நாளுக்கொரு முறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, வெப்பநிலையும் உப்பும் அளந்துகொண்டே மேலேறும் மிதவைகள் அவை. அயர்லாந்தின் கடல்வள நிறுவனமும், ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸும் எர்டாப்பை நிறுவியிருக்கின்றன. எழுதியது ஓர் ஊரில், ஓடுவது பல நாடுகளில். ஆகவே மூலநிரலில் நேரும் ஒரு சிறு பிழை ஓர் அலுவலகத்தோடு நின்றுவிடாது.

அந்தப் பிழை எப்படி இருக்கும் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முன்சொன்ன 'மர்' தொகுப்பில் வெப்பநிலை நேரடியாக எழுதப்படுவதில்லை. இடத்தை மிச்சப்படுத்த, ஒவ்வொரு மதிப்பும் மைனஸ் 32,768 முதல் 32,767 வரையுள்ள ஒரு முழு எண்ணாகச் சுருக்கி வைக்கப்படுகிறது. அந்த எண்ணை 0.001-ஆல் பெருக்கி, 298.15-ஐக் கூட்டினால் கெல்வின் அளவில் வெப்பநிலை கிடைக்கும். கோப்பில் மைனஸ் 5,000 என்றிருந்தால் அது 293.15 கெல்வின், அதாவது சரியாக 20 டிகிரி செல்சியஸ். 0 என்றிருந்தால் 25 டிகிரி. பெருக்க வேண்டிய எண்ணும் கூட்ட வேண்டிய எண்ணும் கோப்பின் மீதரவிலேயே எழுதப்பட்டிருக்கும். நிலப்பகுதிக்குக் கடல் வெப்பநிலை கிடையாது. அந்தக் கட்டங்களில் 'இங்கே மதிப்பு இல்லை' என்பதற்கு அடையாளமாக மைனஸ் 32,768 நிரப்பப்பட்டிருக்கும்.

வழங்கி மென்பொருள் முதலில் இந்த அடையாள எண்ணை இனம்கண்டு ஒதுக்க வேண்டும். பிறகே பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்த வரிசை மாறிப்போனதாக வைத்துக்கொள்வோம். பெருக்கிக் கூட்டிய பிறகு அடையாள எண்ணைத் தேடினால் அது அங்கே இருக்காது. மைனஸ் 32,768 அதற்குள் 265.382 கெல்வினாக மாறியிருக்கும். செல்சியஸில் மைனஸ் 7.768. அதாவது நிலம் முழுவதும் மைனஸ் ஏழே முக்கால் டிகிரிக் கடலாகிவிடும். சாதாரண உப்புள்ள கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியிலேயே உறையத் தொடங்கும் என்பதால், அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பவர் சந்தேகப்படுவார். ஆனால் யாரும் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. கரையோரத்தில் நூறு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தின் சராசரியைக் கேட்கிறார்கள். அதில் தொண்ணூறு கடல், பத்து நிலம். கடலின் உண்மை வெப்பநிலை 14 டிகிரி. வழுவுள்ள மென்பொருளிலிருந்து எடுத்த எண்களின் சராசரி 11.82 டிகிரி என்று வரும்.

அந்த 11.82-தான் ஆபத்தானது. மான்டெரே கரையில் இளவேனிலில் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். அப்போது பன்னிரண்டு டிகிரிக்கும் கீழே போவது அங்கே இயல்பு. ஆகவே ஆய்வாளருக்கு அந்த எண் பிழையாகத் தோன்றாது. கீழ்நீர் மேலெழுச்சி இந்த ஆண்டு வலுத்திருக்கிறது என்று தோன்றும். வழங்கி படுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கும், யாராவது வந்து சரிசெய்வார்கள். நம்பும்படியான தவறான எண்ணைக் கொடுத்தால் யாரும் அழைக்க மாட்டார்கள். தரவு வழங்கியின் பங்களிப்பு முறைகளும் வெளியீட்டுச் சடங்குகளும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அளவுக்கு மீறிய கெடுபிடியாகத் தெரியலாம். அந்தக் கெடுபிடிக்குக் காரணம், சத்தமில்லாத இத்தகைய பிழைகள்தாம்.

நாட்காட்டியிலும் இதே வகைப் பொறி இருக்கிறது. சில பழைய வானிலைத் தொகுப்புகள் நேரத்தைக் கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி 1-லிருந்து மணிக்கணக்கில் எழுதியிருக்கும். 1582 அக்டோபரில் ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியனுக்கு மாறியபோது 4-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 15-ஆம் தேதியாயிற்று. இந்தத் தாவலைக் கணக்கில் கொள்ளும் நூலகமும், கிரிகோரியன் முறையையே ஆதியிலிருந்து நீட்டிப் பார்க்கும் நூலகமும் அந்த மணிக்கணக்கை வெவ்வேறு தேதிகளாக மாற்றும். வித்தியாசம் சரியாக இரண்டு நாள். மாதச் சராசரியில் அது மறைந்துபோகும். ஒரு புயல் கரையைக் கடந்த நாளைத் தேடுபவருக்கோ எல்லாமே இடம் மாறியிருக்கும்.

திறந்த மூலத் திட்டத்துக்குள் ஒருவர் நுழையும் முதல் வாசல், பெரும்பாலும் நிரல் எழுதுவதல்ல. இப்படிப்பட்ட ஒரு பிழையைக் கண்டு சொல்வதுதான். எர்டாப்பின் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. பிழைகளைப் பதிவதற்கான இடமும் அங்கேயே. 'வரைபடம் தப்பாக வருகிறது' என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளருக்கு அதனால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்தத் தொகுப்பு, தட்டிய முழு முகவரி எது, வந்த எண் என்ன, வர வேண்டிய எண் என்ன, வர வேண்டியது அதுதான் என்று எப்படித் தெரியும் என்பவை எழுதப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம், மதிப்பு மிக்கதும் அதுவே. வழங்கியைத் தொடாமல் மூலக் கோப்பை வேறொரு கருவியால் திறந்து, அதே கட்டத்தின் எண்ணைப் படித்து ஒப்பிட்டுக் காட்டும் ஒரு புகார், பாதி வேலையை முடித்துவிடும். நிரல் அறியாத ஒரு கடலியலாளர் செய்யக்கூடிய மிகச் சிறந்த பங்களிப்பு இது.

ஆவணங்களைத் திருத்துவதும் அப்படித்தான். எர்டாப்பை நிறுவும் நிர்வாகி ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் அமைப்புக் கோப்பில் விவரம் எழுத வேண்டும். கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, அலகு என்ன என்பதெல்லாம் அதில் வரும். அதற்கான வழிகாட்டி மிக நீளமானது. தான் எங்கே தடுமாறினோம் என்பதை மறப்பதற்குள் அந்த இடத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து அனுப்பும் புதியவர், அடுத்து வரும் பலரின் நாட்களை மிச்சப்படுத்துகிறார். அனுபவசாலிகளால் இதைச் செய்ய முடியாது. அவர்களுக்கு அந்தக் குழி கண்ணில் படுவதே இல்லை.

நிரலைத் திருத்துபவர் பின்பற்றும் வழி இப்போது பெரும்பாலான திட்டங்களில் ஏறக்குறைய ஒன்றுதான். மூலக் களஞ்சியத்தின் நகலைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். அதில் இந்த ஒரு பிழைக்கென்று ஒரு கிளை பிரிக்கிறார். திருத்துகிறார். பிறகு 'இந்தக் கிளையை மூலத்தோடு இணையுங்கள்' என்று ஓர் இணைப்புக் கோரிக்கை அனுப்புகிறார். நிரலாளர் பேச்சில் இதற்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். ஒரு கோரிக்கையில் ஒரு வேலை மட்டும் இருப்பது நல்லது. வெப்பநிலைக் கணக்கைத் திருத்தும் கையோடு ஐம்பது கோப்புகளின் இடைவெளிகளையும் அழகுபடுத்தி அனுப்பினால், மாறிய ஆயிரம் வரிகளுக்குள் முக்கியமான நான்கு வரிகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தேடுபவர் களைத்துப்போவார், களைத்த கண்ணுக்குத் தப்பித்தான் வழுக்கள் உள்ளே நுழைகின்றன.

நல்ல பங்களிப்பாளர் திருத்துவதற்கு முன்பே ஒரு சோதனை எழுதுகிறார். நிலம் கடலான வழுவுக்கு அந்தச் சோதனை மிகச் சிறியதாக இருக்கலாம். நான்கே கட்டங்கள் கொண்ட ஒரு குட்டிக் கோப்பு. அவற்றில் மைனஸ் 5,000, 0, மைனஸ் 32,768, 32,767 என்ற எண்கள். வழங்கியிடம் அந்த நான்கையும் செல்சியஸில் கேட்டால் 20, 25, மதிப்பு இல்லை, 57.767 என்று வர வேண்டும். பழைய நிரலில் ஓட்டும்போது இந்தச் சோதனை தோற்க வேண்டும்; தோற்றால்தான் அது சரியான இடத்தில் கைவைத்திருக்கிறது என்று பொருள். திருத்திய பின் வெல்ல வேண்டும். கணினி பின்னங்களை இரும எண்ணில் வைத்திருப்பதால் 20 என்பது 19.99999 என்று வரலாம். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வது என்பதையும் சோதனையே சொல்லிவிட வேண்டும். அந்த அளவைத் தாராளமாக வைத்துவிட்டால் சோதனை எதையும் பிடிக்காது.

தரவு வழங்கிகளுக்குச் சோதனை எழுதுவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. உண்மையான தொகுப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் மையம் பழைய ஆண்டுகளை மறுபடி கணித்து வெளியிட்டால், நேற்று 14.2 ஆக இருந்த எண் இன்று 14.1 ஆகிவிடும். வெளியே உள்ள வழங்கியைக் கேட்டு ஒப்பிடும் சோதனை அப்போது தோற்கும். நிரலில் தவறே இருக்காது. இப்படிச் சும்மா தோற்கும் சோதனைகள் பெருகினால், தோல்வியைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் பழக்கம் வந்துவிடும். அதனால் சோதனைக்கான தரவை உறைய வைத்து, நிரலோடு சேர்த்து வைக்கிறார்கள். தரவு பெரிது என்பதால் தனியே இறக்கிக்கொள்ளும் பொதியாக வைக்க நேர்கிறது. எர்டாப்பின் சோதனைகள் தொடக்கத்தில் அதை எழுதியவரின் பணிச்சூழலை ஒட்டியே வளர்ந்தவை. சைமன்ஸ் ஓய்வு பெற்று வேறொருவர் பொறுப்பேற்ற பிறகு, அவற்றை யாருடைய கணினியிலும் ஓடும்படி எர்டாப் எழுதப்பட்ட ஜாவா மொழியின் பொதுச் சோதனைச் சட்டகத்துக்கு மாற்றும் பணி நடந்தது. புதிய வசதி எதையும் தராத, பார்வைக்குச் சலிப்பூட்டும் வேலை. ஒருவர் தலையில் நின்ற திட்டம் பலர் கைக்கு மாறுவதற்கு அதைவிடப் பெரிய வேலை வேறில்லை.

கோரிக்கை வந்ததும் தானியங்கி அமைப்பு சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறது. பிறகு மனிதர் ஒருவர் வரிவரியாகப் படிக்கிறார். தரவு வழங்கியில் இந்தப் படிப்பு, நிரல் ஒழுங்காக இருக்கிறதா என்பதோடு நிற்பதில்லை. ஏற்கெனவே புழங்கும் முகவரிகளுக்கு இனியும் அதே பதில் வருமா என்று பார்க்கப்படுகிறது. மிக அருகிலுள்ள கட்டம் எது என்று தேர்ந்தெடுக்கும் விதியை ஒருவர் மேம்படுத்தியிருக்கலாம். இரு கட்டங்களுக்குச் சரிநடுவே விழும் புள்ளிக்கு இதுவரை தெற்குக் கட்டம் வந்தது, இனி வடக்குக் கட்டம் வரும். கணிதப்படி இரண்டும் சரி. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளியான ஒரு கட்டுரையின் அட்டவணையை இன்று மறுபடி கணித்தால் எண் பொருந்தாது. அத்தகைய மேம்பாட்டை மறுப்பதே பராமரிப்பாளரின் கடமை.

படித்துச் சரிபார்க்கும் இந்த மனிதருக்குச் சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டும். த்ரெட்ஸும் நெட்சிடிஎஃபும் பிறந்த யூனிடேட்டா, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் இயங்குவது. 2025 மே மாதம் அந்த நிதி தொடராமல் போனதால் அது தன் பெரும்பாலான பணிகளை நிறுத்திவைத்து, ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப நேர்ந்தது. மூலநிரல் திறந்திருப்பதால், ஏற்கெனவே நிறுவிய வழங்கிகளை நிதி நின்றதும் யாரும் பறித்துக்கொள்ள முடியாது. ஆனால் வரும் திருத்தத்தைப் படிக்க ஆளில்லை என்றால், திறந்த கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்றே பொருள். பொதுப்பணத்தில் எடுத்த அளவீடுகளைப் பொதுமக்களுக்குத் தரும் மென்பொருளுக்கு, ஆண்டுதோறும் நிதிக்கு மன்றாடும் நிலை இருக்கக் கூடாது.

உரிமம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டு மத்திய அரசு ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. ஆகவே நோவா ஊழியர் எழுதிய வரிகள் அங்கே பொதுச் சொத்து. வெளியிலிருந்து ஒருவர் அனுப்பும் வரிகளுக்கு அப்படியல்ல. எழுதியவரிடமோ அவர் பணிபுரியும் நிறுவனத்திடமோ பதிப்புரிமை இருக்கும். திட்டத்தின் உரிமத்துக்கு உட்பட்டே அனுப்புகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் சேர்க்க முடியும். வேறு திட்டத்திலிருந்து நகலெடுத்த நான்கு வரி கூட, அதன் உரிமம் பொருந்தாவிட்டால் பின்னாளில் பிடுங்கி எறிய வேண்டிய களையாகிவிடும்.

சேர்க்கப்பட்ட திருத்தங்கள் குவிந்ததும் ஒரு நாள் வெளியீட்டுப் பணி தொடங்குகிறது. புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்படும். முன்னோட்டப் பதிப்பு ஒன்று ஆக்கப்பட்டு, தன்னார்வ நிர்வாகிகள் சிலரின் வழங்கிகளில் ஓட விடப்படும். சோதனைகள் எவ்வளவு இருந்தாலும் இந்தப் படி தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு நிறுவனத்திலும் வினோதமான கோப்புகள் உண்டு. வெற்றிடத்துக்கு மைனஸ் 999 எழுதியவை, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதியவை எல்லாம் அங்கேதான் தலைகாட்டும்.

பதிப்பு எண் வெறும் அடையாளமல்ல, மற்றக் கணினிகளும் படிக்கும் தகவல். ஓர் எர்டாப், இன்னோர் எர்டாப்பில் உள்ள தொகுப்பைத் தன்னுடையது போலவே தன் பட்டியலில் காட்ட முடியும். அப்படிச் செய்யும்போது எதிர்முனையின் பதிப்பு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் புரியும் விதத்தில் மட்டும் பேசும். இதற்கென்றே ஒரு முகவரி உண்டு. தட்டினால் பதிப்பு எண் ஒரே வரியில் வரும். மூலநிரலைத் தம் தேவைக்கு மாற்றி ஓட்டுபவர்கள் எண்ணோடு ஓர் அடையாளச் சொல்லைச் சேர்த்துக் காட்டவும் வழி வைத்திருக்கிறார்கள். பதில் எந்த நிரலிலிருந்து வந்தது என்பதில் குழப்பம் வரக் கூடாது என்பதே நோக்கம்.

வெளியீட்டோடு வரும் மாற்றப் பட்டியலை எழுதுவதில் எர்டாப்பின் வழக்கம் பின்பற்றத் தக்கது. எல்லோருக்குமான புதுமைகள் முதலில், வழங்கி நிர்வாகிகள் அறிய வேண்டியவை, செய்ய வேண்டியவை தனியே, நிரலாளர்களுக்கானவை தனியே. ஜாவா 8-இல் ஓடிய எர்டாப் பின்னர் ஜாவா 17-க்கும், அதன் பின் 21-க்கும் நகர்ந்தது. பயனருக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. நிர்வாகிக்கோ அதுதான் முதல் செய்தி. அதைப் படிக்காமல் புதுப் பதிப்பை வைத்தால் வழங்கி எழுந்திருக்கவே மாட்டாது. கணக்கிடும் முறையில் மாற்றமிருந்தால் அதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை தவறான எண் வந்தது, எந்த வகைத் தொகுப்பில், எவ்வளவு தவறு என்று. 'சில வழுக்கள் சரிசெய்யப்பட்டன' என்ற ஒற்றை வரி தரவு வழங்கியின் பட்டியலில் இடம்பெறவே கூடாது. அந்த இடைவெளியில் தரவெடுத்த ஆய்வாளர் தன் கட்டுரையைத் திருத்த வேண்டுமா என்பதை அந்த விவரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்.

பின்னர் நிரலின் அந்த நிலைக்குக் களஞ்சியத்தில் ஒரு முத்திரை குத்தி, அதிலிருந்து நிறுவக்கூடிய பொதி ஆக்கப்படுகிறது. முத்திரை குத்திய நிரலிலிருந்து மட்டுமே ஆக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்கு நடந்தது இதற்குச் சான்று. ஏறத்தாழ ஈராண்டுகள் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, வெளியீடு செய்யும் உரிமையையும் பெற்ற ஒருவர், 2024-இல் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்தார். அதை இயக்கிவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. பயனர்கள் இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை மட்டும் படித்தவர்களுக்கு முழுச் சூழ்ச்சி தெரிந்திருக்காது. தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த ஒரு பொறியாளரால் அது வெளிப்பட்டது. இப்போது பல திட்டங்கள் பொதியை மனிதர் கணினியில் ஆக்காமல், களஞ்சியத்தின் தானியங்கி அமைப்பிலேயே ஆக்கி, அதன் சரிபார்ப்புக் கையொப்ப எண்ணையும் சேர்த்து வெளியிடுகின்றன.

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு வழி வேறு. அத்தகைய ஓட்டையைக் கண்டவர் அதைப் பொது இடத்தில் பதியாமல் பராமரிப்பாளரிடம் தனியே சொல்வதும், திருத்தம் வெளியான பிறகே விவரம் பேசுவதும் வழக்கம். 2021 டிசம்பரில் ஜாவா உலகம் முழுவதும் புழங்கிய லாக்4ஜே என்ற பதிவு நூலகத்தில் ஓர் ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த ஒரே மாதத்தில் 2.15, 2.16, 2.17, 2.17.1 என அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. ஜாவாவில் எழுதிய எந்த வழங்கியை வைத்திருப்பவரும் 'நம் மென்பொருளுக்குள் அந்த நூலகம் இருக்கிறதா, எந்தப் பதிப்பு' என்று தேட வேண்டியதாயிற்று. வெளியீட்டோடு உள்ளே என்னென்ன நூலகங்கள், எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்ற பட்டியலும் இருந்தால் அந்தத் தேடல் நிமிடங்களில் முடியும்.

அறிவியல் மென்பொருளுக்கு இன்னொரு படியும் உண்டு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ காப்பகத்தோடு கிட்ஹப் களஞ்சியத்தை இணைத்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டின் நகலும் அங்கே சேமிக்கப்பட்டு, அதற்கென ஒரு நிலையான டிஓஐ எண் வழங்கப்படும். கட்டுரை எழுதுபவர் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பதைப் புத்தகத்தை மேற்கோள் காட்டுவது போலக் காட்டலாம். ஆண்டுக்கணக்கில் பிறர் நிரலைத் திருத்திக்கொடுத்தவர்களுக்கு, தம் பணியைப் பல்கலைக்கழகத்திடம் காட்ட அதுவே ஆதாரமாகவும் ஆகிறது.

கடைசி வேலை நிர்வாகியுடையது. அவர் புதிய பொதியை நேரடியாக முதன்மை வழங்கியில் வைப்பதில்லை. தனிக் கணினியில் நிறுவி, தம் அமைப்புக் கோப்பைக் கொடுத்து, எல்லாத் தொகுப்புகளும் ஏறும் வரை காத்திருக்கிறார். நிலைப் பக்கம் எத்தனை தொகுப்புகள் ஏறின, எவை ஏறவில்லை என்று சொல்லும். பிறகு நன்கு தெரிந்த சில முகவரிகளைப் பழைய வழங்கியிலும் புதியதிலும் தட்டி, இரு பதில்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறார். கடலில் ஒரு புள்ளி, கரையில் ஒரு புள்ளி, நிலத்தில் ஒரு புள்ளி. நிலத்துப் புள்ளிக்கு சிஎஸ்வி கோப்பில் 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் வர வேண்டும். வந்தால், பழைய பொதியை அழிக்காமல் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, புதியதை முதன்மை வழங்கியில் ஏற்றுகிறார்.